ஆறாவது அமாவாசை

எனக்கு அம்பத்திரண்டு வயசாகுதுங்க, இன்னும் மீன்ல முள்ளெடுத்துச் சாப்பிடத் தெரியாது. கடற்கரையில பொறந்தவனுக்கு இது வெக்கக்கேடுதான். எங்க அக்கா அஞ்சுகம்தான் எடுத்து வெப்பா. நான் கோவில்பத்துல வீடு கட்டிக்கிட்டுப் போன பிறகும், பொறந்த ஊரு மேட்டுக்குப்பம் வந்தாத்தான் எனக்கு மீன் சாப்பாடு. அதையும் எழுதிக்குங்க ஐயா. அக்கா மேல எனக்குப் பாசம் இல்லைன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது.

தொழில் பட்டிமன்றம். காரைக்கால் சுத்துவட்டாரத்துல வைத்திலிங்கம்னா தெரியும். எந்த அணியில உக்கார வெச்சாலும் பேசுவேன். மாமியாரா மருமகளான்னு ஒரே மாசத்துல ரெண்டு பக்கமும் ஜெயிச்சிருக்கேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் ரெண்டாயிரத்தெட்டுல கரி கம்பெனிக்காரங்க என்னைத் தேடி வந்தாங்க. என் மகன் அருள்மணிக்கு அங்கயே வேலைன்னும் சொன்னாங்க.

குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு மணல்மேடு. சுனாமியில அந்த மேட்டுக்குப் பின்னாடி இருந்த வீடுங்க மட்டும்தான் நின்னுச்சு. கம்பெனி நிலக்கரிக் கிடங்கு கட்டுற பள்ளத்தைத் தூர்க்க அந்த மணல் வேணும். குப்பம் மொத்தமும் சேர்ந்து ஆட்சேபணை எழுதிக் குடுத்தா வேலை நின்னுடும். எழுதணும்னு ஆரம்பிச்சவ அக்கா மக ஜெயப்ரியா, காலேஜ்ல படிக்கிறா. "கரியை எரிச்சி எரிச்சி உலகமே சூடாகுது மாமா. கடல் ஏறுது. மேட்டையும் குடுத்துட்டு எங்க போறது?"ன்னா. அக்கா படிக்காதவ. ஆனா சுனாமிக்குப் பிறகு வருசா வருசம் சித்திரையில, அலை வந்து தொடுற எடத்துல ஒரு பனங்கட்டை அடிச்சி வெப்பா. முத ரெண்டு கட்டையும் அப்பவே தண்ணிக்குள்ள.

எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. அமாவாசைக்குத் தொழிலுக்குப் போக மாட்டாங்க, மாரியம்மன் கோயில் வாசல்ல கூட்டம் நடக்கும். கை தூக்கி எண்ணுறதெல்லாம் கிடையாது. எல்லா வீடும் "சரி"ன்னு சொல்லணும். ஒரே ஒரு வீடு "யோசிக்கலாமே"ன்னாலும் பேச்சு அடுத்த அமாவாசைக்குப் போயிடும். ஒரே படகுல போறவங்களுக்குள்ள மனஸ்தாபம் வரக்கூடாதுன்னு வெச்ச நல்ல வழக்கம். கம்பெனிக்காரங்ககிட்ட சொன்னேன், "நாம ஜெயிக்கவே வேணாம் சார். மாசத்துக்கு ஒரு வீடு யோசிச்சாப் போதும். அதுவரைக்கும் உங்க லாரி ஓடட்டும்."

மொதல்ல "கடலோர மக்கள் சிந்தனைக் கழகம்"னு லெட்டர்பேடு அடிச்சேன். தலைவர் நான், செயலாளர் என் சம்சாரம் நீலாயதாட்சி, பொருளாளர் செத்துப்போன என் மாமனார்.

வைகாசியில முத்தையன் அண்ணன் வீடு. "பூம்புகாரைக் கடல் கொண்டப்ப எந்தக் கரிண்ணே எரிஞ்சிச்சு? கடல் ஏறும், எறங்கும். இப்ப ஒண்ணும் புதுசா ஏறல"ன்னேன். அந்த அமாவாசைக்கு அவரே எந்திரிச்சு "யோசிக்கலாமே"ன்னாரு. அடுத்தது காசியம்மா. "உலகத்தைச் சூடாக்குனவன் அமெரிக்காக்காரன். அவன் மொதல்ல ஏசியை நிறுத்தட்டும், பொறவு நாம அடுப்பை அணைக்கலாம்." அது பாதி உண்மைங்க. பாதி உண்மை மாதிரி விலை போற சரக்கு வேற எதுவும் கிடையாது. செல்லத்துகிட்ட, "நாளைக்கு மழைன்னு ரேடியோவுல சொன்னா வெயில் கொளுத்துது, இவங்க நூறு வருசத்துக்குச் சொல்றாங்களாம்"னேன். பாவம், விழுந்து விழுந்து சிரிச்சா. கவியரசனுக்கு வேலை ஆசை காட்டினேன். அஞ்சாவதா மெஹர் பானு வீடு. அங்க, "கடல் ஏறுறது நெசந்தாம்மா, ஆனா இனிமே என்ன செஞ்சாலும் பிரயோசனம் இல்ல"ன்னேன்.

முத வீட்டுல ஏறலைன்னவன் அஞ்சாவது வீட்டுல ஏறிடுச்சுன்னேன். ஒரே மேடையில பேசியிருந்தா நடுவர் மணியடிச்சி எறக்கி விட்டிருப்பாரு. வீடு வீடாப் பேசினதால ஒருத்தரும் கண்டுக்கல.

ஆறாவது அமாவாசை ஐப்பசியில வந்துச்சு. மேடு அப்ப இடுப்பளவுதான். எல்லாருக்கும் பயம் வந்துடுச்சு. முத்தையன் அண்ணன் "சரி"ன்னாரு, காசியம்மா "சரி"ன்னா, கவியரசன்கூட "சரி"ன்னான். பாக்கி எங்க அப்பா வீடு மட்டும்தான். அப்பா போன பிறகு அந்த வீட்டுக்குப் பேச வேண்டியவன் நான். மறுநாள் அருள்மணி வேலையில சேரணும். அக்கா என்னைப் பாத்துச் சிரிச்சிட்டு, "என் தம்பியா வேணாம்பான்? நீ எழுதுடி"ன்னு ஜெயப்ரியா கையில பேனாவைக் குடுத்தா.

"யோசிக்கலாமே"ன்னேன்.

அக்கா என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சோறு போட்டா. அன்னைக்கு மட்டும் முள்ளெடுத்து வெக்கல. தொண்டையில மாட்டி நான் ரொம்பச் சிரமப்பட்டேன் ஐயா.

கார்த்திகை மழையில, ஒரு நாள் காலையில கடல் உள்ள வந்துச்சு. மறிக்க மேடு இல்ல. அக்கா வீடு முத வரிசை. மகளைக் கோயில் மாடியில ஏத்தி விட்டுட்டு அவ ஏறுறதுக்குள்ள சுவரு அவ மேல விழுந்துடுச்சு.

மாமாதான் கொன்னாருன்னு ஜெயப்ரியா உங்ககிட்ட புகார் எழுதிக் குடுத்திருக்காளாம். சின்னப் பொண்ணு, வருத்தத்துல எழுதியிருக்கும். நான் எதையும் மறைக்கலைங்க. அஞ்சு வீட்டுல பேசினவன் நான். ஆறாவது தடவை தடுத்தவனும் நான்தான். எங்க வேணாலும் கையெழுத்துப் போடுறேன். ஆனா கடல் முன்னாடியும் ஆளைக் கொண்டுபோயிருக்குங்க. அக்காவுக்குச் சர்க்கரை வியாதி வேற இருந்துச்சு. மேடு போனதாலதான் செத்தான்னு அவசரப்பட்டு எழுதிடாதீங்க ஐயா. யோசிக்கலாமே.