விலா எலும்பில் ஒரு பாட்டு

ஜொகூர் பாருவிலிருந்து பொந்தியான் போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் சொன்னாள்: "என்ன பாட்டுன்னு தெரியலப்பா. ஆனா விலா எலும்பு நல்லா ஒட்டியிருக்கு."

ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கிறவள், லீவுக்கு வந்திருக்கிறாள். அவள் அப்பாவின் கையில் வட்டமாக வெட்டிய பழைய எக்ஸ்ரே படம் இருந்தது.

"அலமாக்! நான் பழைய ராக் ரெக்கார்ட்தானே கேட்டேன்?"

"இதுவும் ரெக்கார்ட்தான்பா. அந்தக் காலத்துல அங்க ராக் பாட்டுக்குத் தடை. ஆஸ்பத்திரி தூக்கிப் போட்ட எக்ஸ்ரேல திருட்டுத்தனமா பதிவு பண்ணி வித்தாங்களாம். மூணு ஞாயித்துக்கிழமை சந்தையில தேடினேன்."

"போட்டுக் கேக்கலையா?"

"கடைக்காரர் போட்டாருப்பா. நான்தான் எலும்பையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."

அப்பா சிரித்துக்கொண்டே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்க உடைஞ்சிருக்கும்மா?"

அவள் விரல் வைத்துக் காட்டினாள்.

"அப்புறம் அந்த ஆளுக்கு வலிச்சிருக்காதுல்ல?"

"இல்லப்பா. சேந்துருச்சு."

"அது போதும் லா. பாட்டு எதுவா இருந்தா என்ன" என்றவர், தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தாத குறையாக, அதை இரு கைகளாலும் பொத்தி மடியில் வைத்துக்கொண்டார்.