முயலின் இடது கண்

வத்தலக்குண்டில் கிளம்பிய கொடைக்கானல் பேருந்தில் எனக்கு முன் இருக்கைக்காரர் கைபேசியில் கத்தினார்: "ஏலே முருகேசா, எடது கண்ணுன்னா மொயலோட எடதுடா! ஒன் எடது இல்ல!"

பக்கத்தில் இருந்த மனைவி கேட்டார்: "என்னங்க ஆச்சு?"

"மதுரையில கண் ஆராய்ச்சி பண்ற அத்தன லேப்புக்கும் பொதுவா எங்க மொயல் கூடம் ஒண்ணுதான். இவன் கண்ணு மாத்திச் சொட்டு மருந்து விட்டான்னா எல்லாருக்கும் பாழு. நான் எறங்கித் திரும்பிப் போகட்டா?"

"மன்னவனூர்ல ஒங்க தங்கச்சி மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடிக்கு யாரு, முருகேசனா?"

அவர் மறுபடி கைபேசிக்குத் திரும்பினார். "இன்னும் விடலையே? மொயலுக்குப் பின்னால நில்லு. அது பாக்குற பக்கமே நீயும் பாரு. இப்ப ஒன் எடதுதான் அதுக்கும் எடது. விட்டுட்டியா? நல்லாருப்பே!"

நாலு புத்தகம் படித்த நான், சாப்பிடுகிற கை எது என்று யோசித்து என் இடதை உறுதி செய்துகொண்டேன்.

அவர் நிம்மதியாகச் சாய்ந்தார். "இனி எறங்க வேண்டாம். காது குத்துக்கு வர்றேன்."

"வாங்க, வாங்க. அங்க ரெண்டு காதும் குத்துவாங்க. நீங்க கொழப்புறதுக்கு ஒண்ணுமில்ல."