சன்னலில் வைத்த சர்க்கரை

மணி அடிக்காமலே எங்களை அடக்கிவிடும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! மருந்துக்கு முன்பே பயத்தைக் கொடுத்துவிடும் டாக்டர் ஐயா அவர்களே! பீங்கான் சூளையிலிருந்து களிமண் காயாத கையோடு வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கடலை கொறிக்கும் தோழியரே! அனைவரையும் வணங்குகிறேன்.

‘வீட்டுக்கு வந்த விஞ்ஞானம்’ என்பது எனக்குத் தந்த தலைப்பு. பிறர் வீட்டுக்கு ரேடியோ வந்தது, மின்விசிறி வந்தது. எங்கள் வீட்டுக்கு என்ன வந்தது? ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு புட்டி நீல மருந்து!

என் தாயார் பூவாயிக்குச் சர்க்கரை வியாதி. அந்த மருந்தில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சையானால் பத்தியம். செங்கல் நிறமானால் சிறைவாசம்! சிரிக்காதீர்கள், தாயாரைக் கேட்டுத்தான் பேசுகிறேன். “தெருவுக்கே தெரிஞ்சது மேடைக்குத் தெரிஞ்சா என்னாடி?” என்றார்.

தெருவுக்கு எப்படித் தெரிந்தது? என் தந்தையார் மாணிக்கவேல் சூளை மேஸ்திரி. சூளையில் வெந்த மாதிரித் துண்டை வெளியே எடுத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி வெளிச்சத்தில் வைப்பது வழக்கம். பார்க்கிறவரெல்லாம் பதம் சொல்லலாம். அதே வழக்கத்தில் அப்பா குழாயைத் தெருச்சன்னலில் வைத்தார்!

அப்புறம் கேட்க வேண்டுமா? பால் ஊற்றும் சாமிதுரை, “இன்னிக்கு மஞ்சளு தட்டுதுங்களே, அக்கா பலாப்பழம் தின்னாங்களா?” என்றார். எதிர்வீட்டு ஜைத்தூன் பீவி, “பூவாயி, நேத்தைக்கு இன்னிக்கு தேவலாம்டி!” என்று நடுத்தெருவில் நின்று வாழ்த்தினார். என் தாய் சன்னல் பக்கம் போவதையே விட்டுவிட்டார். ஊரே குழாயின் முகத்தைப் பார்த்தது. அவர் முகத்தை யார் பார்த்தார்கள்?

ஸ்ரீமுஷ்ணத்தில் சித்திக்கு வளைகாப்பு வந்தது. அம்மாவுக்கு ஒரே தங்கை, தங்கைக்கு இது தலைப்பிள்ளை. அம்மா பட்டுச்சேலையை எடுத்து வைத்தார். காலையில் குழாய் ஆரஞ்சு!

“நீ போவ வேணாம்,” என்றார் அப்பா.

“வளையல் போடத்தாங்க போறேன், லட்டு திங்கவா போறேன்?”

“கலரு சொல்லுது. நான் என்னா செய்ய?”

“அந்தக் கலரு ஒங்களுக்கு என்னா சொல்லுதுன்னு பாப்பம். ஊத்துங்க ஒங்களுத!”

அப்பா சிரித்துக்கொண்டே போனார், வந்தார், காய்ச்சினார். பச்சை வந்தது, மஞ்சள் வந்தது, ஆரஞ்சும் வந்தது, அத்தோடு நின்றதா? நிற்கவில்லையே! “பதமா வெந்த செங்கலுங்க, மேஸ்திரி!” என்றார் சன்னலுக்கு வெளியே சாமிதுரை.

படாரென்று சன்னலைச் சாத்தினார் அப்பா.

“ஏங்க சாத்துறீங்க? காத்து வரட்டுமே,” என்றார் அம்மா.

அப்பா குழாயைக் கீழே வைத்தார். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, “எனக்குக் கால் எரியுது பூவாயி. ஒனக்கு?” என்றார்.

“எப்பவோ புடிச்சி எரியுது. இப்பத்தான் கேக்குறீங்க.”

சபையோரே! சர்க்கரையைக் குழாய் சொல்லும். கால் எரிவதைக் குழாய் சொல்லுமா? கூச்சத்தைச் சொல்லுமா? தங்கையைப் பார்க்கத் தவிக்கும் தவிப்பைச் சொல்லுமா? கருவி வரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் அது வந்த வீட்டில் வாய் திறந்து கேட்பது நின்றுவிடலாமா? நோய்க்குக் காவல் வைக்கிறோமென்று நோயாளிக்குக் காவல் வைக்கலாமா?

“என்னோட செங்கலையும் சொல்லிடு பாப்பா, அப்பத்தான் நியாயம்,” என்று அப்பாவே சொல்லி அனுப்பினார். அதோ, மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்திருக்கிறாரே, அவர்தான். பக்கத்தில், கை நிறையக் கண்ணாடி வளையல் குலுங்கக் கைதட்டுகிறாரே, அவர் ஸ்ரீமுஷ்ணம் போய் வந்த என் தாயார்!

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!