வளையக் குருசும் மீன் இல்லாத திருநாளும்

மீனா? மீன் எங்கன்னு கேக்கியளா? கடக்கர ஊர்ல, திருநாளும் அதுவுமா, பந்தியில உக்காந்து கேக்கியளே, கேட்டதுல தப்பே இல்ல. வெளியூர்லருந்து வாறவிய எல்லாரும் கேப்பாவதான். ஆனா எங்க சங்குமணல்ல இன்னைக்கி ஒரு வீட்லயும் மீன் வேவாது. பூனைக்குக் கூட இன்னைக்கி மோருஞ்சோறுதான். அதுக்கு வருசா வருசம் என் மேலதான் கோவம். நான் என்ன செய்ய, ஊருக்குச் சமைக்கிறவன் நான். சாம்பாரு இன்னும் கொதிக்கல. அது எறங்குததுக்குள்ள சொல்லிப்புடுதேன், கேளுங்க.

ரொம்பக் காலத்துக்கு முந்தி, அந்தா நிக்கே அந்தக் கோயிலு ஓலக்கொட்டாயா இருந்த காலத்துல, இதே சங்குமணல்ல ஞானப்பூ, ஞானப்பூன்னு ஒரு பொம்பள இருந்தாவளாம். எங்க வம்சத்துப் பொம்பள. அவிய மாப்பிள்ள பேரு தொம்மை. கட்டுமரத்துல போயி மீன் பிடிக்கிறவரு.

எங்க கடலுக்குள்ள ஒரு பாறை வரிசை கெடக்கு. பாருன்னு சொல்லுவோம். அதுக்கு நடுவுல ஒரே ஒரு வழி. கடல்ல இருந்து பாத்தா அந்த வழி தெரியாது. அதுனால கரையில, அந்த மேட்டு மேல, ஒரு மரக்குருசு, அதான் சிலுவை, நட்டு வச்சிருந்தாவளாம். சுண்ணாம்பு அடிச்சி, வெள்ளையா. குருசுக்கு நேரா வந்தா வீடு. குருச விட்டு வெலகி வந்தா பாறை. அவ்வளவுதான் கணக்கு.

மரந்தான? கரையான் திங்கும், காத்து தள்ளும், இவிய திரும்ப நடுவாவ. கரையான் திங்கும், காத்து தள்ளும், இவிய திரும்ப நடுவாவ. இப்படியே போயிக்கிட்டு இருந்திச்சாம்.

ஒரு நாளு காத்து குருசத் தள்ளிட்டு. நாளைக்கி நட்டுக்கிடலாம்னு ஊரு சும்மா இருந்திட்டு. தொம்மை அன்னைக்கித்தான் கடல்லருந்து திரும்புதாரு. குருசத் தேடுதாரு, காணல. இங்கனதான் இருக்கும்னு ஒரு குத்துமதிப்புல திருப்புனாராம். பாறையில மோதி, கட்டுமரம் ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம். கட்டை மட்டுந்தான் கரை ஒதுங்குச்சி.

ஞானப்பூ அழுதாவ, ஓஞ்சாவ. மகன் சவரி வளந்து, அப்பன் போன அதே கடலுக்குத் துடுப்பத் தூக்குனான். அன்னைக்கி அவிய நேரா ஊர்த்தலைவரு கஸ்பார் வீட்டுக்குப் போனாவளாம்.

"கஸ்பார் அண்ணாச்சி, இனி மரக்குருசு வேண்டாம். கல்லுல வைங்க."

"கல்லுலயா? கல்லு கொத்த நம்ம ஊர்ல யாரு இருக்கா?"

"இல்லன்னா இருக்க ஊர்ல போயிக் கூப்பிடணும்."

"அவிய சாமி செல செய்யிறவிய. நம்ம குருசச் செய்வாவளா?"

"கேட்டாத்தான தெரியும்?"

போனாவ. பொடி மணல்ல, வெயில்ல, பாறைக்குடின்னு கல்லு கொத்துறவிய ஊருக்கு நடந்தே போனாவ. அங்கன நல்லபெருமாள் ஆசாரின்னு ஒருத்தரு, கோயில் தூணு, செல எல்லாம் கொத்துறவரு. அவரு பிறந்ததுலருந்து குருசப் பாத்ததே இல்லையாம்.

"குருசுன்னா எப்படித் தாயி இருக்கும்?"

ஞானப்பூ அவரு முன்னால நின்னு, ரெண்டு கையவும் விரிச்சிக் காட்டுனாவளாம். "இப்படித்தான் இருக்கும்."

ஆசாரி சிரிச்சிட்டாராம். "நிக்கிறது லேசு. ரெண்டு கையும் அந்தரத்துல நிக்கணுமே. கல்லு கனக்கும் தாயி."

"எனக்கும் கை வலிக்கி ஆசாரியாரே. நீங்க வாறேன்னு சொன்னாத்தான் எறக்குவேன்."

வாறேன்னுட்டாராம். வேற என்ன சொல்லுவாரு!

கல்லு வந்திச்சி. மாட்டு வண்டியில பாதி வழி, மணல்ல உருட்டி மீதி வழி. ஊரே தோள் குடுத்து மேட்டுல ஏத்துனாவ. இன்னொரு கல்லு கொண்டாறதுக்கு இந்த ஊர்ல தெம்பு கெடையாது, அத மனசுல வச்சிக்கிடுங்க.

ஆசாரி மேட்டுலயே பந்தல் போட்டு ஒக்காந்துட்டாரு. அவருக்கு ஒரே கஷ்டம், மீனு. மீனு வாசம் பட்டா கொமட்டும். சங்குமணல்ல மீன் வாசம் இல்லாத இடம் எங்கன இருக்கு, சொல்லுங்க? காத்து திரும்புனா மூக்கப் பொத்திக்கிட்டே உளியப் பிடிப்பாராம். ஞானப்பூ புதுப்பானை வாங்கி, அவருக்குன்னு தனியா கஞ்சி வச்சி, கருப்பட்டியோட கொண்டு குடுப்பாவளாம்.

எழுத்துத் தெரியாத ஊரு, ஆனா கதை தெரிஞ்ச ஊரு. அதுனால குருசு மேல வேதத்துக் கதையெல்லாம் கட்டம் கட்டமாக் கொத்துங்கன்னு கேட்டாவ. அவிய சொல்லச் சொல்ல அவரு கொத்துவாராம். யோனாவ ஒரு பெரிய மீன் முழுங்குச்சின்னு சொன்னாவ. அம்மாம் பெரிய மீன அவரு எங்க கண்டாரு? கோயில்ல கொத்துற மகரத்தையே கொத்திட்டாரு. போயிப் பாருங்க, எங்க யோனாவ முழுங்குத மீனுக்குத் தும்பிக்கை இருக்கும்! எங்க ஊருப் பிள்ளைய எல்லாம் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருக்கு. நானும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன்.

கதையெல்லாம் முடிஞ்சிது. கை ரெண்டும் உருவம் வந்திட்டு. கைக்கு மேலயும் கீழயும் நாலு மூலையில இருக்க மிச்சக் கல்ல வெட்டி எடுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்பதான் ஆசாரி குருசோட எடது கையில சுத்தியலால தட்டுனாராம். நல்ல கல்லு வெங்கலம் மாதிரிக் கேக்கும். இது பொத்துன்னு கேட்டிச்சாம். இன்னொரு தரம் தட்டுனாரு. பொத்து. உள்ளுக்குள்ள கீறலு.

ஆசாரி எந்திரிச்சாரு. உளியெல்லாம் தொடச்சிச் சாக்குல கட்டுனாரு.

கஞ்சிப் பானையோட வந்த ஞானப்பூ பதறிட்டாவளாம். "எங்க பொறப்புட்டீரு?"

"கல்லு பழுது தாயி. பழுதுபட்ட கல்லக் கும்பிடக் குடுக்கப்பிடாது. எங்க தொழில்ல அது பாவம். மூலைய வெட்டுனா கை நிக்காது, இன்னைக்கில்லன்னா என்னைக்காவது விழும். விழுற கல்லுல என் பேரு வேண்டாம்."

"என் மகன் கடலுக்குப் போறான் ஆசாரியாரே."

"தெரியும் தாயி. மன்னிச்சிக்கிடுங்க."

அவிய அழல. கெஞ்சல. அவரு சாக்க ஒரு கையில பிடுங்கிக்கிட்டு, "வாரும் இங்க"ன்னு கடக்கரைக்கிக் கூட்டிட்டுப் போனாவளாம். சவரியோட கட்டுமரம் மணல்ல கெடந்திச்சி.

"இதுல ஆணி எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லும்."

ஆசாரி சுத்திச் சுத்திப் பாத்தாரு. "ஆணியே இல்லையே."

"இந்தக் கட்டை வெடிச்சிருக்கு, பாத்தீரா? அந்தக் கட்டை கோணல். ஒண்ணு கூட நல்ல கட்டை இல்ல. எல்லாத்தயும் கயித்தப் போட்டுக் கட்டியிருக்கோம். கட்டு நின்னா மரம் நிக்கும். இதுலதான் எங்க ஆம்பளைய உசுரு போயிட்டு வருது. வெடிச்ச கட்டையத் தூக்கிப் போடுததுன்னா, நாங்க என்னைக்கோ கடலுக்குப் போறத விட்டுருக்கணும். ஒங்க தொழில்ல கட்டுன்னு ஒண்ணு கெடையாதா?"

ஆசாரி அந்தக் கட்டு மேல கைய வச்சிக்கிட்டு ஒக்காந்துட்டாராம். கஞ்சி ஆறிப்போச்சி. பக்கத்துல மீன் காயுது, அவரு மூக்கக் கூடப் பொத்தல. பொறவு சொன்னாராம்:

"கல்லுல கயிறு கட்ட முடியாது தாயி. ஆனா கயித்தக் கல்லுலயே கொத்தலாம்."

மேட்டுக்கு ஏறுனாரு. நாலு மூலையையும் வெட்டி எறியல. தலையில இருந்து கைக்கி, கையில இருந்து உடம்புக்கி, சுத்தி ஒரு வளையம் விட்டாரு. வளையத்துக்கும் குருசுக்கும் நடுவுல மட்டும் நாலு ஓட்டை தொளைச்சாரு. வளையத்து மேல கயிறு முறுக்குன மாதிரி, முடிச்சி போட்ட மாதிரி, கட்டுமரத்துக் கட்டு மாதிரியே கொத்துனாரு.

கஸ்பார் வந்து பாத்தாரு, மொகம் சுருங்கிட்டு. "இது என்ன, ஒங்க சாமி செலையச் சுத்தி வைக்கிற திருவாசி மாதிரில்லா இருக்கு? வளையத்த எடுங்க."

ஞானப்பூ குறுக்க வந்து நின்னாவ. "அண்ணாச்சி, மொதல்ல ஒங்க மரத்துக் கட்ட அவுத்துட்டுக் கடலுக்குப் போயிட்டு வாங்க. வந்த பொறவு வளையத்த எடுக்கச் சொல்லுதேன்."

கஸ்பார் துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டுப் போயிட்டாராம்.

எங்க காலத்துல அயர்லாந்து தேசத்துலருந்து ஒரு கன்னியாஸ்திரி வந்தாவ. குருசப் பாத்து அப்படியே நின்னுட்டாவ. அவிய நாட்டுலயும் இதே மாதிரி வளையம் வச்ச கல்குருசு நிக்குதாம், கட்டம் கட்டமாக் கதை கொத்தி. வளையம் எதுக்குன்னு அங்கன ஆளுக்கொரு காரணம் சொல்லுவாவளாம். "இங்க யாரு வந்து சொல்லிக் குடுத்தா?"ன்னு கேட்டாவ. "கட்டுமரம் சொல்லிக் குடுத்திச்சி சிஸ்டர்"னேன். நான் கேலி பண்ணுதேன்னு நெனச்சிட்டாவ.

சரி, கதைக்கி வாறேன். ஆசாரி ஊருக்குப் போயிட்டாரு. குருசு நின்னிச்சி. பொறவு ஒரு வருசம் வந்திச்சிய்யா ஒரு புயலு. பகலு இருண்டு போச்சி. ஆம்பளைய எல்லாம் கடல்ல. பொம்பளைய எல்லாம் மேட்டுல, கண்ணு கடல் மேல. தண்ணி ஏறுச்சி. வீட்ட எடுத்திச்சி, மேட்டத் தொட்டிச்சி. ஓட எடம் இல்ல. ஞானப்பூ வளையத்து ஓட்டையில கையக் குடுத்துக் குருசக் கட்டிப் பிடிச்சாவ. "ஏட்டி, கையக் குடுங்கட்டி!"ன்னு கத்துனாவளாம். ஓட்டைக்கி ஒரு கை, அந்தக் கையப் பிடிச்சி இன்னொரு கை, அதப் பிடிச்சி இன்னொரு கை. அலை வந்து மேல விழும், எந்திரிப்பாவ. அலை வந்து மேல விழும், எந்திரிப்பாவ.

கடல்ல சவரி கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல. கரை இல்ல, வீடு இல்ல. நொரைக்கி மேல அந்த வளையம் மட்டும் தெரிஞ்சிச்சாம். "அதுக்கு நேரா விடுங்க!"ன்னு கத்திக்கிட்டு முன்னால வந்தான். பின்னாலயே அத்தன மரமும் வந்திச்சி. கஸ்பார் மரமும் அதுலதான் வந்திச்சி.

தண்ணி வடிஞ்ச பொறவு சவரி ஓடி வாறான். "எம்மா, கைய எடும்மா." கை வீங்கி ஓட்டைக்குள்ள சிக்கிட்டு. எண்ணெ போட்டுத்தான் எடுத்தாவளாம். அப்பதான் நிமிந்து பாத்தாவ. குருசோட எடது கை வெடிச்சிக் கெடக்கு. இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுது. ஆனா கை விழல. வளையத்து மேல ஒக்காந்திருக்கு.

ஆசாரிக்கி ஆள் போச்சி. அவரு வந்து சேந்த அன்னைக்கித்தான், புயலுக்குப் பொறவு மொத மீனு கரைக்கி வந்திருக்கு. ஊரு பட்டினி கெடந்து கெடந்து, அன்னைக்கித்தான் வீடு வீடா மீன் சட்டி அடுப்புல ஏறுது. வாசத்துல பிள்ளைய எல்லாம் அடுப்பச் சுத்தி நிக்கி. கஸ்பார் ஆசாரியப் பாத்தாராம், ஊரப் பாத்தாராம்.

"அடுப்ப அணைங்க. சட்டிய எறக்குங்க. ஆசாரி வந்திருக்காரு. இன்னைக்கி அவரு சாப்பிடுதத ஊரே சாப்பிடும்."

ஒரு ஆளு முணுமுணுக்கலையாம். பசிச்ச வயிறு, நெனச்சிப் பாருங்க! ஊரே மேட்டுல ஒக்காந்து, ஆசாரியோட கஞ்சியும் கருப்பட்டியும் சாப்பிட்டுச்சாம்.

சாப்பிட்டு எந்திரிச்சி, ஆசாரி அந்த வெடிப்பத் தடவிப் பாத்தாரு. கண்ணு கலங்கிட்டாம். "நான் சொன்னனே தாயி. என் கல்லு ஒடஞ்சி போச்சே."

ஞானப்பூ கட்டுப் போட்ட கைய அவரு கை மேல வச்சாவளாம். "ஒடஞ்சிதான் போச்சி ஆசாரியாரே. விழலையே."

அன்னைல இருந்து இந்த ஒரு நாளு சங்குமணல்ல மீன் கெடையாது. மொதக் கஞ்சி இன்னும் பாறைக்குடி ஆசாரி வீட்டுக்குத்தான் போகும். காலையில நாந்தான் குடுத்து விட்டேன், கருப்பட்டியோட. எங்கள்ல யாரும் மொத மொதல்ல கடலுக்குப் போறதுக்கு முந்தி, அந்த ஓட்டையில கையக் குடுத்து, "விழாம வாறேன்"னு சொல்லிட்டுத்தான் மரத்துல ஏறுவோம். நானும் சொல்லிட்டுத்தான் போனேன். வந்துட்டேன், பாக்கியள்லா.

இந்தா, சாம்பாரு எறங்கிட்டு. எலைய நீட்டுங்க. சாப்பிட்டு மேட்டுக்குப் போங்க. குருசோட எடது கையில வெடிப்பு தெரியும், வெளிச்சம் வரும். பயப்படாம கீழ நில்லுங்க, அது விழாது.