வியாழக்கிழமைச் சாப்பாடும் என் ஆய்வேடும்

டோரீன் காய்ச்சும் கஸ்டர்டில் எப்போதும் கட்டி இருக்கும். அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டவள் நான். அந்தப் பெரிசுகள் மேல் எனக்குப் பாசமே இல்லை என்று என்னை விசாரிக்கும் பல்கலைக்கழகக் குழுவில் யாரும் நினைத்துவிடக் கூடாது, அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

யார்க்‌ஷயரில் எங்கள் ஊர்ச் சர்ச் கூடத்தில் வியாழன்தோறும் முதியோருக்கு மதியச் சாப்பாடு நடக்கும்; சமையல் டோரீன். தனியாகக் கிடப்பவர்கள் கூடிச் சாப்பிட்டு, எண் கூப்பிட்டு அடிக்கும் பிங்கோ ஆடி, சண்டை போட்டுவிட்டுப் போவார்கள். செலவைக் கொடுத்துவந்த உள்ளூர் கவுன்சில் அதை மூடப்போவதாக அறிவித்தது. சமூகக் கொள்கையில் முதுகலை படித்துக்கொண்டிருந்த எனக்கு லட்டு மாதிரி ஒரு தலைப்பு. மூடுவதற்கு முன் எல்லோரிடமும் பேட்டி எடுத்தேன். மூடியபின் மறுபடி எடுத்து, தனிமை எவ்வளவு கூடியது என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

டோரீன் சும்மா இருந்தாரா? பஸ் கண்டக்டராக இருந்த மனுஷி. மொத்தப் பேரையும் திரட்டிக்கொண்டு போய்க் கவுன்சில் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டார். கவுன்சிலர்கள் பயந்துபோய் மூடவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

“ஜெயிச்சுட்டோம் கண்ணு! உன் படிப்புக்கும் நல்ல சேதிதானே?” என்று என்னைக் கட்டிக்கொண்டார்.

“ரொம்ப நல்ல சேதி” என்றேன். மூடல் இல்லாவிட்டால் என் ஆய்வேடும் இல்லை.

என் நெறியாளர் கேரத் உதட்டைப் பிதுக்கினார். “தலைப்பை மாத்தினா மறுபடி அறநெறிக் குழுகிட்ட அனுமதி வாங்கணும், பிலிப்பா. அவங்க கூடறதுக்குள்ள உன் கெடு முடிஞ்சிடும். அடுத்த வருஷம் பாத்துக்கலாமே.”

முதியோர் நல அமைப்பு ஒன்றில் எனக்கு வேலை காத்திருந்தது. பட்டம் இல்லாவிட்டால் அது வேறொருத்திக்குப் போய்விடும். அதோடு, அனுமதி வாங்கிய தலைப்பை மீறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தலைப்பில் மூடல் என்று இருந்தது. ஆகவே மூடல் நடக்க வேண்டும்.

செல்லப்பிராணிக் கடையில் வெள்ளை எலிகள்தான் இருந்தன. அவற்றைச் சர்ச் சமையலறையில் விட்டுவிட்டு, சுகாதார ஆய்வாளருக்குப் போன் செய்தேன்.

“இவ்வளவு சுத்தமான எலியை நான் பார்த்ததே இல்லீங்க” என்றார் அவர், குழம்பிப்போய்.

“என் சமையல் எலிக்காவது பிடிச்சிருக்கே” என்றார் டோரீன்.

கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. ஆனால் அடுத்த வியாழனே எல்லோரும் டோரீன் வீட்டு முன்னறையில் கூடிவிட்டார்கள். இடம் பற்றாமல் நெருக்கியடித்து உட்கார்ந்து, முன்னைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள். இரண்டாம் பேட்டியில் தனிமை குறைந்திருந்தது. நீங்களே நியாயமாகச் சொல்லுங்கள், ஆய்வுக்கு ஒத்துழைப்பதாகக் கையெழுத்துப் போட்டவர்கள் செய்கிற காரியமா இது?

நல்லவேளை, பேட்டிகளில் மனம்விட்டுப் பேசியிருந்தார்கள். வில்ஃப் கிழவர் பிங்கோவில் ஏமாற்றுகிறார் என்று டோரீன் சொல்லியிருந்தார். டோரீனுக்குத் தான் பெரிய மகாராணி என்று நினைப்பு என்று ஹில்டா சொல்லியிருந்தார். ஒவ்வொருவர் வீட்டிலும் டீ குடிக்கும்போது, வாய் தவறியதுபோல அதைச் சொல்லிவைத்தேன்.

“என்னையா சொன்னா? இனி நான் அவ வாசப்படி மிதிச்சா என்னை என்னான்னு கேளு!” என்று வில்ஃப் கொதித்தார்.

முன்னறை மெல்லக் காலியானது. எடுத்த பேட்டிகளைத் தள்ளிவிட்டு மறுபடி எடுத்தேன். முடிவுகள் அப்படி ஓர் அழகு. ஆய்வேட்டில் எல்லோர் பெயரையும் மாற்றித்தான் எழுதினேன். ரகசியம் காப்பதில் நான் கறார்.

முதல் வகுப்பில் தேறியதும் டோரீனுக்கு நன்றி சொல்லப் போனேன். வழக்கம்போல எல்லோருக்கும் தட்டு வைத்திருந்தார். உணவு ஆறிக்கிடந்தது.

“யாரும் வர்றதில்ல கண்ணு. நான் அப்படி என்ன செஞ்சுட்டேன்னு ஒருத்தராவது சொன்னாத் தேவலை. நீயாவது அடுத்த வியாழன் வருவியா?”

என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆனால் ஆய்வு முடிந்தபின் பங்கேற்பாளர்களோடு பழக்கம் வைத்துக்கொள்வது அறநெறிக்கு விரோதம் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லி, அவர் விரல்களை விலக்கிவிட்டு வந்தேன். பாவமாகத்தான் இருந்தது. அதற்காக விதியை மீற முடியுமா?