பஹீமின் படத்தைப் பற்றி என் அபிப்பிராயம்

அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து அறுபத்திரண்டு படிகள். அதனால் விருந்தாளிகள் குறைவு. வருகிறவர்களும் முதலில் தண்ணீர் கேட்பார்கள், பிறகுதான் சலாம் சொல்வார்கள். பஹீமும் அன்றைக்கு அப்படித்தான் வந்தான்.

"மச்சான், ஒன்ட படியெல்லாம் ஏறி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு படம் பாத்துரலாம்," என்றான், கதிரையில் விழுந்தபடியே. "என்ட படத்துக்கு டிக்கட் இல்லன்டு ஆரு சென்ன? இதான் டிக்கட்."

நான் முப்பத்தொரு வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். பிறருடைய வாக்குமூலங்களைத் தமிழிலிருந்து சிங்களத்துக்குக் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோவது என் தொழில். இன்ஸ்பெக்டர் ஐயா, இதை மொழிபெயர்க்கப்போகிறவரும் அப்படியே செய்தால் போதும். அழகுபடுத்த வேண்டாம்.

பஹீமும் நானும் ஐம்பது வருடச் சினேகிதர்கள். கொழும்பில் தொலைக்காட்சி நாடகங்கள் எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு, போன வருடம் ஒரு ஸ்ட்ரீமிங் கம்பெனி படம் கொடுத்தது. தியேட்டருக்கு வராத படம். மாதாமாதம் சந்தா கட்டி வீட்டிலிருந்தே பார்ப்பது. அவன் எடுத்தது என் மனைவி மஸாஹிராவின் கதையை.

மஸாஹிரா மூன்று வருடங்களுக்கு முன்னர் சிறுநீரக நோயில் மவுத்தானாள். நாற்பத்தொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளுக்குச் சொந்த ஊர் வத்தேகம. வலி தாங்க முடியாதபோது அவளை நான் பஸ்ஸில் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அதாவது, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தரிப்பிடங்களை ஒவ்வொன்றாகச் சொல்வேன். வட்டப்புளுவ. பொல்கொல்ல. மடவளை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஜன்னல் பக்கம் சீட் கிடைத்ததா என்று கேட்பாள். சில நாட்களில், "இன்டைக்கி பஸ்ஸில சனம் கூட. மடவளையிலயே இறங்குவம்," என்பாள். பிறகு தூங்கிவிடுவாள்.

அவள் மவுத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு, இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். வாசிக்கச் சொல்லிப் பஹீமிடம் கொடுத்தேன். வாசிக்க மட்டும்.

பஹீம் வந்த அன்றைக்குப் பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து டிவியைப் போட்டோம். நாங்கள் இருவர் மட்டும்தான்.

முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒருவன் மலையிலிருந்து விழுந்து சாகிறான். மஸாஹிராவின் வாழ்க்கையில் யாரும் எந்த மலையிலிருந்தும் விழவில்லை.

"அஞ்சு நிமிசத்துக்குள்ள ஒராள் மவுத்தாகோணும் மச்சான்," என்றான் பஹீம். "இல்லாட்டி சனம் வேற படத்துக்குப் பாய்ஞ்சிரும். கம்பெனி அதக் கணக்கெடுத்து வெச்சிருக்கு."

ஆஸ்பத்திரி வார்டு ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவாக மாறியிருந்தது. மூடுபனி வெளியில் மட்டுமல்ல, அறைக்குள்ளும் இருந்தது. பாத்திரங்கள் தாங்கள் செய்வதையெல்லாம் வாயால் சொன்னார்கள். 'நான் மருந்து எடுக்கிறேன்' என்று சொல்லிவிட்டு ஒருத்தி மருந்தை எடுத்தாள். பார்க்கிறவர்கள் போனை நோண்டிக்கொண்டே பார்ப்பதால் காதால் கேட்டாலே கதை விளங்க வேண்டுமாம். பஹீம் பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். இல்லை, அதுவும் கம்பெனியின் உத்தரவு.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஐம்பதாவது நிமிடத்தில் பஸ் தரிப்பிடங்கள் வந்தன, வயலின் இசையோடு. ஆனால் அவற்றைச் சொன்னது புருஷன் இல்லை, அவளைக் காதலிக்கும் ஒரு இளம் டாக்டர். புருஷன் வெளியே நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் படத்தை நிறுத்தினேன்.

"புரியன் ஏன் வெளிய நிக்கிறான்?"

"அவன்ட பக்கம் ஒரு குத்தம் வேணும்டு கேட்டாங்க."

"என்ட கொப்பில அப்படி இல்லையே."

பஹீம் கொஞ்ச நேரம் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான். "கொப்பில இல்லதான். ஆனா அன்டைக்கி நீ வெளிய தானே மச்சான் இருந்த. பக்கத்தில இருந்து தரிப்பிடமெல்லாம் சென்னது நான் தானே."

அது உண்மை. கடைசி நாள் பகலில் தேத்தண்ணி குடிக்கவென்று கீழே போனவன், ஒன்றரை மணித்தியாலம் அங்கேயே இருந்துவிட்டேன். அன்றைக்குத்தான் அவள் போகப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் போனேன். கொப்பியில் அதைத் திருத்தி எழுதினேன். ஒரு எழுத்துக்கு முடிவு சரியாக அமைய வேண்டும். மூன்று வருடமாக அவன் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருக்கலாம். அதை விட்டு, படத்துக்கு அடியில் ஆறு பாஷையில் எழுத்துப் போட்டு ஊருலகத்துக்கெல்லாம் சொல்லிவிட்டான்.

படத்தைத் திரும்ப ஓடவிட்டேன்.

பத்து நிமிடத்தில் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. இடது கையைப் பிடித்துக்கொண்டு, கதவடியில் தொங்கிய தன் பையைக் காட்டினான். நாக்குக்கடியில் வைக்கிற குளிசை அதில்தான் இருக்கும். அவனை முதல்முதலாக இருதய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதே நான்தான்.

"படம் ஓடுது," என்றேன்.

எழும்பப் பார்த்தான், முடியவில்லை. அவனுடைய போன் அடித்தது. ரபீகா, அவன் மனைவி. படம் பார்க்கும்போது போன் அடிப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது. அதை அணைத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்ததாக முந்தாநாள் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அப்படி யாரும் தூங்குவதில்லை.

இன்னும் ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம் இருந்தது. முழுவதையும் பார்த்தேன். ஒரு காட்சியையும் தாண்டி ஓட்டவில்லை.

படம் முடிந்ததும் அவன் கண்ணைத் திறந்தான். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"எப்படி?"

எதை எடுத்தாலும் முதலில் என்னிடம்தான் அவன் அபிப்பிராயம் கேட்பான். அதனால் என் கதிரையை அவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சொன்னேன். மலையிலிருந்து விழுகிறவன் தேவையில்லை என்றேன். இசை அழச் சொல்லிக் கெஞ்சுகிறது என்றேன். மஸாஹிராவாக வருகிற பெண்பிள்ளை நன்றாக நடித்திருக்கிறாள் என்பதையும் சொன்னேன், மறைக்கவில்லை. புருஷனுக்கு ஒரேயொரு காட்சி கொடுத்திருக்கலாம், கீழே ஆறிப்போன தேத்தண்ணியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னக் காட்சி, அது இருந்திருந்தால் பார்க்கிறவர்கள் அவனை விளங்கிக்கொண்டிருப்பார்கள் என்று விளக்கினேன். ஆறுதலாக, உதாரணங்களோடு, இருபத்தைந்து நிமிடம் வரை பேசியிருப்பேன். அவ்வளவு நேரமும் அவன் கண் திறந்தே இருந்தது. கேள்வி கேட்ட ஒருவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, பாதியில் எழுந்துபோய் அம்புலன்ஸுக்கு அழைப்பது மரியாதையாக எனக்குப் படவில்லை.