காற்று கலக்கிய கடலும் என் மச்சினன் கணக்கும்

அலையைப் பார்த்தபடியே அவை நடத்தும் சங்கத் தலைவர் கசாய் அவர்களே! முட்சு விரிகுடாவை மூன்று தலைமுறையாக முதுகில் சுமந்த முதியோர்களே! விசிறிச்சிப்பிக் கூடை தைத்துத் தைத்துக் கைரேகை தேய்ந்த தாய்மார்களே! மார்பில் சிவப்புப் பூ குத்தி மணமகன்போல் வீற்றிருக்கும் என் மனைவியின் தம்பி ஷூஹெய் அவர்களே! அனைவருக்கும் தொமேகிச்சியின் வணக்கம்!

இன்று என்ன தீர்மானம்? வரும் கோடை முதல், சிப்பிக் கயிறுகளை எத்தனை மீட்டர் ஆழத்தில் தொங்கவிடுவது என்பதை ஷூஹெயின் கணக்கே சொல்லட்டும் என்பது. இருபத்தாறு ஆண்டுகளாக அதைச் சொன்னது யார்? நான்! கட்டைவிரலை நனைத்தால் போதும், கடலடியில் மீன் தும்மினாலும் எனக்குக் கேட்கும். யார் அங்கே சிரிப்பது? இரண்டு முறை கேட்டிருக்கிறது ஐயா!

பொறாமையா என்கிறீர்களா? ஆம், பொறாமைதான்! கடலில் குளித்தது நான், கரும்பலகையில் கடல் வரைந்தது அவன். உப்பில் வெந்தது நான், ஊர் போற்றுவது அவனை. வயிறு எரியாதா?

அவன் கணக்குதான் என்ன? மேலே வெயில் காய்ச்சிய நீர். கீழே பனிக்காலம் விட்டுச்சென்ற குளிர். நடுவே ஓர் எல்லை. மேலிருந்து சூடு கசிந்து இறங்குகிறது, கீழிருந்து குளிர் முட்டி ஏறுகிறது. இரண்டும் சரிக்குச் சரி நிற்கும் இடமே அந்த எல்லை. சூடான நீர் லேசானது, சும்மா கீழே போகாது, காற்றுதான் கலக்கித் தள்ள வேண்டும். எவ்வளவு காற்று எத்தனை நாள் அடித்தால் எல்லை எவ்வளவு இறங்கும்? நாலு பக்கச் சமன்பாடு! எனக்குப் பார்த்தவுடன் புரிந்தது. சரி, முதல் பக்கம் புரிந்தது. அதிலும் அவன் பெயர் புரிந்தது!

போன ஆகஸ்டில் யாமசே, அந்தக் குளிர்ந்த கிழக்குக் காற்று, மூன்று நாள் அடித்து ஓய்ந்தது. மேல்நீரைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. “கடல் ஆறிப்போச்சு, கயித்த யாரும் தொடாதீங்க” என்று அறிவித்தேன். உடனே வந்தான் இவன்.

“அத்தான், சூடு எங்கயும் போகலை. காத்து கலக்கிக் கீழ எறக்கிருச்சு. சூட்டுல சிப்பி செத்துரும். பதினஞ்சு மீட்டர்ல கெடக்குறத இருபத்தெட்டுக்கு எறக்குங்க.”

“ஏன்டா, படகுல ஏறுனதும் வாளியத் தேடுறவன், நீ எனக்குக் கடல் சொல்லித் தர்றியா?”

“வாந்தி எனக்குத்தான் அத்தான் வருது, கணக்குக்கு வரலையே!”

அன்று சிப்பிக் கொட்டகையே சிரித்தது. அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது! அவன் இருபத்தெட்டு என்றதாலேயே எனக்குப் பதினைந்து தெய்வமாகத் தெரிந்தது. அறிவாலா மறுத்தேன்? அனுபவத்தாலா மறுத்தேன்? அழுக்காற்றால் மறுத்தேன்!

வீட்டில் என் மனைவி மிட்சுயோ சொன்னாள்: “நம்ம கயித்துல உங்க பாதிய நீங்க பதினஞ்சுலயே வெச்சுக்குங்க. என் பாதிய நான் எறக்குறேன்.”

“தம்பின்னா உனக்கு உசத்தி!”

“தம்பிக்காக இல்லீங்க. சிப்பிக்காக.”

செப்டம்பரில் கயிறு தூக்கினோம். ஓகோவென்று விளைந்திருந்தன நம் சிப்பிகள்...

“அண்ணே, அது உங்க பாதியா, அண்ணி பாதியா?”

பின்வரிசையிலிருந்து கேட்டுவிட்டாயே தம்பி! அண்ணி பாதிதான். அவள் சிப்பிகள் ஓட்டைப் படபடவென்று அடித்து என் முகத்திலேயே தண்ணீரைத் துப்பின. என் பாதி? வாய் பிளந்து, வெற்று ஓடாகக் கலகலத்தது. என்னை நம்பிப் பதினைந்திலேயே விட்ட பதினொரு வீட்டாரின் கூடைகளும் அப்படியே கலகலத்தன. அந்தப் பதினொரு வீட்டாரும் இதோ முன்வரிசையில் இருக்கிறீர்கள். ஒருவராவது என்னைத் திட்டினீர்களா? திட்டியிருந்தால் தூங்கியிருப்பேனே!

பெருமக்களே! என் கை தொட்டது மேல்நீரை மட்டும். சிப்பி வாழ்வது எங்கே? கை எட்டாத ஆழத்தில்! அங்கே எட்டியது எது? அவன் கணக்கு! அதற்காக என் பொறாமை போய்விட்டதா? போகவில்லை, போகாது! ஆனால் என் பொறாமைக்கு இன்னொரு கோடை உங்கள் சிப்பியைத் தீனி போடமாட்டேன். எதிர்த்துப் பேசத்தானே என்னை மேடையேற்றினீர்கள்? தீர்மானத்தை வழிமொழிகிறேன்!

கை தட்டுங்கள், ஆனால் ஒரு நிபந்தனை. தினமும் காலையில், கயிறு எத்தனை மீட்டர் என்ற அந்த எண்ணைத் துறைமுக ஒலிபெருக்கியில் நான்தான் படிப்பேன். எண் அவனுடையது, குரல் என்னுடையது! வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு சொல்கூடக் கூட்டாமல் படிப்பேன்.

அதோ சம்மதமென்று தலையாட்டுகிறான். பாருங்கள், அதையும் என்னைவிட அழகாகச் செய்கிறான்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறாமையோடு பேசவிட்ட தலைவருக்கும் நன்றி. வணக்கம்!